மக்காரொவ் தோட்டா மீள்நிரப்பல்

மக்காரொவ் தோட்டா மீள்நிரப்பல் என்பது, சோவியத் ஒன்றியத்தில் வடிவமைக்கப்பட்ட மக்காரொவ் கைத்துப்பாக்கிக்குரிய 9×18 மிமீ தோட்டாக்களை, ஏற்கெனவே சுடப்பட்ட பித்தளைக் கூடுகளையும் வீட்டிலேயே வார்க்கப்பட்ட காரீயக் குண்டுகளையும் கொண்டு மீண்டும் உருவாக்கும் முறையாகும். பனிப்போர் முடிவுற்றபின் கிழக்கு ஐரோப்பியப் படைக்கிடங்குகளில் இருந்த உபரிக் கைத்துப்பாக்கிகள் ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அவற்றை வாங்கிய இலக்குச் சுடுநர்களிடையே 1990களில் இம்முறை பரவியது.

இத்தோட்டாவின் பெயரில் 9 மிமீ என்று குறிக்கப்பட்டிருப்பினும் அதன் குண்டின் விட்டம் 9.27 மிமீ ஆகும். மேலை நாடுகளில் புழங்கும் ஏனைய 9 மிமீ குண்டுகளை விட இது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் பெரியது. ஆகவே கடைகளில் எளிதாகக் கிடைக்கும் குண்டுகள் இதற்குப் பொருந்துவதில்லை. மீள்நிரப்புவோர் பலர் குண்டுகளைத் தாமே வார்க்கத் தொடங்கியதற்கும், இத்துறையில் அளவெடுத்தல் முதன்மையான பணியாக ஆனதற்கும் இவ்வேறுபாடே காரணமாகும்.

கலைச்சொற்கள்

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்குகின்றன. இக்கட்டுரையில் அவை பின்வருமாறு வேறுபடுத்தப்படுகின்றன.

* தோட்டா: கூடு, எரியூட்டி, உந்துமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருள்.
* குண்டு: சுடும்போது குழலின் வழியே வெளியேறி இலக்கை நோக்கிச் செல்லும் உலோகப் பகுதி.
* கூடு: ஏனைய மூன்றையும் தாங்கி நிற்கும் உலோக உறை. பித்தளை, எஃகு அல்லது அலுமினியத்தால் ஆனது.
* எரியூட்டி: கூட்டின் அடியில் பொருத்தப்பட்டுள்ள சிறு கிண்ணம். துப்பாக்கியின் ஊசி அடிக்கும்போது தீப்பொறியை உண்டாக்குவது.
* உந்துமருந்து: விரைந்து எரிந்து வளிமமாகிக் குண்டைத் தள்ளும் புகையற்ற மருந்து.
* மேடும் பள்ளமும்: குண்டு சுழன்று செல்வதற்காகக் குழலின் உட்சுவரில் சுருள் வடிவில் பள்ளங்கள் வெட்டப்படுகின்றன. இரு பள்ளங்களுக்கு இடையே எஞ்சி நிற்கும் பகுதி மேடு எனப்படும்.

ஒரு தோட்டா சுடப்பட்டபின் எரியூட்டி, உந்துமருந்து, குண்டு ஆகிய மூன்றும் செலவாகிவிடுகின்றன. கூடு மட்டுமே மீண்டும் பயன்படும் நிலையில் எஞ்சுகிறது. மீள்நிரப்பல் என்னும் பெயர் இதனாலேயே ஏற்பட்டது.

துப்பாக்கியும் தோட்டாவும்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் சோவியத் படைகள், டோக்கரெவ் கைத்துப்பாக்கிக்கும் பழைய நகாந்து சுழல் துப்பாக்கிக்கும் மாற்றாகச் சிறியதும் பாதுகாப்பானதுமான ஒரு கைத்துப்பாக்கியைத் தேடின. நிக்கொலாய் மக்காரொவ் (1914–1988) உருவாக்கிய வடிவமைப்பு தெரிவு செய்யப்பட்டு 1951 ஆம் ஆண்டு படைப்பயன்பாட்டுக்கு ஏற்கப்பட்டது. இதற்கான தோட்டாவை வடிவமைத்தவர் போரிஸ் சியோமின் ஆவார். இத்துப்பாக்கி இசெவ்ஸ்க் நகரில் உற்பத்தி செய்யப்பட்டது. கிழக்கு ஜெர்மனி, பல்கேரியா, சீனா ஆகிய நாடுகளும் இதனை உற்பத்தி செய்தன. ரஷ்யா 2003 ஆம் ஆண்டு 9×19 மிமீ தோட்டாவைப் பயன்படுத்தும் யாரிகின் கைத்துப்பாக்கியை ஏற்றபோதிலும், மக்காரொவ் முற்றாக வழக்கொழியவில்லை.

துப்பாக்கியின் எடை 730 கிராம், நீளம் 161.5 மிமீ, குழலின் நீளம் 93.5 மிமீ. இதன் பெட்டியில் எட்டுத் தோட்டாக்கள் இருக்கும். ஏறத்தாழ 6.1 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்குச் சுமார் 315 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. இவ்வேகம் ஒலியின் வேகத்தை விடக் குறைவு. காரீயக் குண்டுகளுக்கு இது ஏற்ற வேகம் ஆகும்.

மக்காரொவ் நேரடிப் பின்னுந்தல் முறையில் இயங்குவது. சுடும் கணத்தில் குழலையும் சிலைடு எனப்படும் நகரும் மேற்பகுதியையும் பூட்டி வைக்கும் அமைப்பு எதுவும் இதில் இல்லை. சிலைடின் எடையும் குழலைச் சுற்றியுள்ள சுருள்வில்லின் விசையும் மட்டுமே கூட்டைத் தோட்டா அறைக்குள் பிடித்து வைக்கின்றன. குண்டு குழலை விட்டு நீங்கி அழுத்தம் குறையும் வரை சிலைடு மிகச் சிறிதளவே பின்னால் நகர வேண்டும். அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் கூடு முன்னதாகவே அறையை விட்டு வெளிப்படும். அப்போது தாங்குவதற்குச் சுவர் இல்லாத இடத்தில் கூடு வீங்கும் அல்லது கிழியும். எளிமையான இவ்வமைப்பு மலிவானது, நீடித்து உழைப்பது. ஆனால் மிகை அழுத்தத்தைப் பொறுத்துக் கொள்ளும் எல்லை குறைவானது. பின்னாளில் வெளிவந்த பிஎம்எம் என்னும் மேம்பட்ட வகைக்கென உருவாக்கப்பட்ட வலுக்கூடிய தோட்டாக்களைப் பழைய மக்காரொவில் பயன்படுத்தக் கூடாது என்பதும் இதனாலேயே ஆகும்.

பெயரும் உண்மை அளவும்

குழலின் விட்டத்தை இரு விதமாக அளக்கலாம். எதிரெதிர் மேடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளப்பது ஒன்று. எதிரெதிர் பள்ளங்களின் அடிக்கு இடைப்பட்ட தூரத்தை அளப்பது மற்றொன்று. ரஷ்ய மரபில் மேடுகளுக்கு இடைப்பட்ட தூரமே பெயராகச் சூட்டப்படுகிறது. மக்காரொவின் குழலில் மேடுகளுக்கு இடையே 9.0 மிமீ, பள்ளங்களுக்கு இடையே ஏறத்தாழ 9.25 மிமீ. குண்டு பள்ளங்களையும் நிரப்ப வேண்டும் என்பதால் அதன் விட்டம் 9.27 மிமீ ஆக உள்ளது. இதே மரபின்படிதான் 7.62×39 மிமீ தோட்டாவின் குண்டு 7.92 மிமீ விட்டம் கொண்டுள்ளது. மாறாக, 9×19 மிமீ பாராபெல்லம் தோட்டாவின் பெயரிலுள்ள எண் குண்டின் விட்டத்தையே ஏறத்தாழக் குறிக்கிறது.

ஒரே போன்ற பெயருடைய சில தோட்டாக்களின் அளவுகள்:

* 9×18 மிமீ மக்காரொவ்: குண்டின் விட்டம் 9.27 மிமீ, கூட்டின் நீளம் 18.1 மிமீ, உச்ச அழுத்தம் 160 மெகாபாஸ்கல்
* 9×19 மிமீ பாராபெல்லம்: குண்டின் விட்டம் சுமார் 9.02 மிமீ, கூட்டின் நீளம் 19.15 மிமீ, உச்ச அழுத்தம் 235 மெகாபாஸ்கல்
* .380 ஏசிபி, அதாவது 9×17 மிமீ: குண்டின் விட்டம் சுமார் 9.02 மிமீ, கூட்டின் நீளம் 17.3 மிமீ, உச்ச அழுத்தம் 135 மெகாபாஸ்கல்

மேற்கண்ட அழுத்த எல்லைகள் பன்னாட்டு சுடுகலன் சோதனை ஆணையம் வகுத்தவை. இவை தவிர, மேற்கு ஜெர்மனியில் உருவான 9×18 மிமீ போலீஸ் என்னும் தோட்டாவும் உண்டு. அதன் குண்டு சுமார் 9.02 மிமீ விட்டமுடையது. பெயரில் எண்கள் ஒன்றாக இருப்பினும் மக்காரொவ் தோட்டாவும் இதுவும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

கைப்பற்றப்படும் தோட்டாக்களை எதிரி பயன்படுத்தாமல் இருக்கவே சோவியத் பொறியாளர்கள் இவ்வாறு விட்டத்தை மாற்றினர் என்ற கருத்து பரவலாக உண்டு. ஆனால் கூட்டின் நீளமும் வடிவமும் வேறுபட்டிருப்பதால், குண்டின் விட்டம் ஒன்றாகவே இருந்திருந்தாலும் இத்தோட்டாக்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தியிரா.

உபரிச் சந்தையும் மீள்நிரப்பலின் பரவலும்

1990 ஆம் ஆண்டு ஜெர்மனி மீண்டும் ஒன்றிணைந்தபோது கிழக்கு ஜெர்மனியின் படைக்கலன்கள் தேவையற்றுப் போயின. அவற்றுள் இருந்த மக்காரொவ்களும், பின்னர் பல்கேரியாவிலிருந்து வந்தவையும் ஐக்கிய அமெரிக்காவில் மலிவாக விற்கப்பட்டன. சீனாவிலிருந்து துப்பாக்கி இறக்குமதி 1994 ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. ரஷ்யாவிலிருந்து வருவனவற்றை 1996 ஆம் ஆண்டின் இருநாட்டு உடன்பாடு கட்டுப்படுத்தியது. எனவே அச்சந்தையில் பல்கேரிய, கிழக்கு ஜெர்மானியத் துப்பாக்கிகளே நெடுங்காலம் மிகுதியாக இருந்தன.

துப்பாக்கிகளோடு ரஷ்யத் தோட்டாக்களும் வந்தன. இவை பெரும்பாலும் எஃகுக் கூடு கொண்டவை, மலிவானவை. இவை தாராளமாகக் கிடைத்த காலத்தில் மீள்நிரப்பல் செலவைக் குறைக்கும் வழியாக இருக்கவில்லை. துல்லியத்தை விரும்பியோரும் குண்டு வார்ப்பதையே ஒரு கலையாகக் கொண்டோருமே அதில் ஈடுபட்டனர். 2020 ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் கடும் தோட்டாத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2021 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் ரஷ்யத் தோட்டாக்களின் புதிய இறக்குமதி உரிமங்களுக்கு அமெரிக்க அரசு தடை விதித்தது. அதன்பின் 9×18 மிமீ தோட்டா மலிவான பொருளாக இருந்த நிலை மாறியது. பழைய பித்தளைக் கூடுகளின் மதிப்பு உயர்ந்தது.

மீள்நிரப்பல் கருவிகள் இதற்கு நெடுங்காலம் முன்பே பரவலாகக் கிடைத்து வந்தன. 1884 இல் தோன்றிய ஐடியல் நிறுவனம் குண்டு அச்சுகளையும் கையேடுகளையும் வெளியிட்டது. 1925 இல் அது லைமன் நிறுவனத்தின் வசமானது. லீ பிரிசிஷன் நிறுவனம் மக்காரொவ் தோட்டாவுக்கெனவே 95 கிரெயின் எடையுள்ள குண்டுக்கான அலுமினிய அச்சைத் தயாரித்தது. ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம், எனவே இவ்வெடை படைத் தோட்டாவின் குண்டுக்கு ஏறத்தாழ ஈடானது.

கூடுகள்

சோவியத் மற்றும் ரஷ்யத் தோட்டாக்களின் எஃகுக் கூடுகளில் பெரும்பாலும் பெர்டான் வகை எரியூட்டி பொருத்தப்பட்டிருக்கும். இவ்வகைக் கூட்டின் அடியில் தீப்பொறி செல்லும் துளைகள் இரண்டு பக்கவாட்டில் அமைந்துள்ளன. பாக்சர் வகைக் கூட்டில் நடுவே ஒரே துளை இருப்பதால், உள்ளிருந்து ஓர் ஊசியைச் செலுத்திப் பழைய எரியூட்டியை எளிதில் வெளியேற்றலாம். ஆகவே மீள்நிரப்புவோர் பாக்சர் வகைப் பித்தளைக் கூடுகளையே நாடுகின்றனர். பெர்டான் வகையை உருவாக்கிய ஐரம் பெர்டான் ஓர் அமெரிக்கர். பாக்சர் வகையை உருவாக்கிய எட்வர்ட் பாக்சர் ஓர் ஆங்கிலேயர். இரண்டும் 1860களில் தோன்றின. எனினும் காலப்போக்கில் அமெரிக்கரின் வகை ஐரோப்பாவிலும், ஆங்கிலேயரின் வகை அமெரிக்காவிலும் நிலைபெற்றன.

பித்தளைக் கூடுகள் அரிதாக இருந்தமையால், எங்கும் கிடைக்கும் 9×19 மிமீ கூடுகளை வெட்டிக் குறுக்கிப் பயன்படுத்தும் வழக்கமும் ஏற்பட்டது. இரு கூடுகளின் அடிப்பகுதி விட்டமும் விளிம்பும் ஏறத்தாழ ஒன்றே. 9×19 மிமீ கூட்டின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டரைக் குறைத்து, வாயைச் சற்று விரித்தால் அது மக்காரொவ் தோட்டா அறையில் அமரும். கூட்டின் வாய்விளிம்பே தோட்டா அறையின் முனையில் முட்டித் தோட்டாவை நிறுத்துகிறது. ஆதலால் வெட்டப்படும் நீளத்தில் பிழை நேரக் கூடாது.

இவ்வாறு மாற்றப்பட்ட கூட்டின் அடியில் பழைய தோட்டாவின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்தைப் பார்த்து அதனை 9×19 மிமீ என்று பிறர் கருத இடமுண்டு. எனவே இக்கூடுகளைத் தனிப் பெட்டியில் வைத்துப் பெயரெழுதி வைப்பதும், பிறருக்குக் கொடுக்காதிருப்பதும் மீள்நிரப்புவோரிடையே நிலவும் நடைமுறை.

குண்டு வார்ப்பு

உலோகக் கலவை

தூய காரீயம் 327.5 செல்சியசு வெப்பநிலையில் உருகும். அதன் கடினத்தன்மை பிரினெல் அளவீட்டில் ஏறத்தாழ 5 மட்டுமே. அதனுடன் அந்திமனி சேர்த்தால் கடினத்தன்மை கூடும். வெள்ளீயம் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் நுண்ணிய மூலைகளையும் நன்கு நிரப்பும். வழக்கமாகப் பயன்படும் கலவைகள் பின்வருமாறு:

* சக்கரச் சமநிலை எடைகள்: வாகனச் சக்கரங்களில் பொருத்தப்படும் பழைய காரீய எடைகள். சிறிதளவு அந்திமனியும் மிகச் சிறிதளவு வெள்ளீயமும் கொண்டவை. கடினத்தன்மை ஏறத்தாழ 9 முதல் 12 வரை.
* லைமன் 2 ஆம் எண் கலவை: காரீயம் 90 விழுக்காடு, வெள்ளீயம் 5 விழுக்காடு, அந்திமனி 5 விழுக்காடு. கடினத்தன்மை ஏறத்தாழ 15.
* லைனோடைப் உலோகம்: செய்தித்தாள் அச்சகங்களில் எழுத்து வார்க்கப் பயன்பட்டது. ஏறத்தாழ 84 விழுக்காடு காரீயமும் 12 விழுக்காடு அந்திமனியும் 4 விழுக்காடு வெள்ளீயமும் கொண்டது. கடினத்தன்மை ஏறத்தாழ 22.

லைனோடைப் அச்சு முறை மறைந்ததால் அவ்வுலோகம் அரிதாகிவிட்டது. சக்கர எடைகளும் குறைந்து வருகின்றன. புதிய வாகனங்களில் காரீய எடைகளைப் பொருத்துவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஆம் ஆண்டிலும் கலிபோர்னியா மாநிலம் 2010 ஆம் ஆண்டிலும் தடை விதித்தன. அவற்றுக்கு மாற்றாக வந்த எஃகு, துத்தநாக எடைகள் பழைய எடைகளோடு கலந்தே கிடைக்கின்றன. துத்தநாகம் காரீயத்தில் கரைந்துவிட்டால் உலோகம் கூழ்போல் ஆகி அச்சை நிரப்பாது. துத்தநாகத்தின் உருகுநிலை 419.5 செல்சியசு. உலையின் வெப்பநிலையை அதற்குக் கீழே வைத்திருந்தால் துத்தநாக எடைகள் உருகாமல் மேலே மிதக்கும். அவற்றைக் கரண்டியால் அகற்றிவிடலாம்.

வாகன மின்கலங்களிலுள்ள காரீயத் தகடுகள் இதற்கு ஏற்றவை அல்ல. அவற்றில் கால்சியம், அந்திமனி, ஆர்செனிக் ஆகியன கலந்திருக்கலாம். அவற்றின் கசடு ஈரத்தோடு சேரும்போது ஆர்சின், இச்டிபின் ஆகிய கொடிய நச்சு வளிமங்கள் உண்டாகக் கூடும்.

அச்சும் குளிர்தலும்

உருகிய உலோகத்தின் மேல் மெழுகோ மரத்தூளோ இட்டுக் கிளறினால் ஆக்சைடாகிய வெள்ளீயமும் அந்திமனியும் மீண்டும் உலோகமாகிக் கலவையில் சேரும். அழுக்கு மேலே திரளும். அச்சு போதிய சூடு பெறாவிடின் குண்டின் மேற்பரப்பில் சுருக்கங்கள் தோன்றும். சூடு மிகுந்தால் மேற்பரப்பு பனிபடர்ந்தாற்போல் மங்கும். குண்டின் அடிப்பகுதியின் விளிம்பு கூர்மையாக நிரம்பியிருப்பதே தரத்தின் முதல் அடையாளம். வளிமம் அழுத்துவது அவ்விளிம்பின் மீதே ஆகும். விளிம்பு குறையுடைய குண்டுகள் மீண்டும் உலைக்கே செல்லும்.

ஒரே அச்சில் வார்த்தாலும் கலவைக்கேற்பக் குண்டின் அளவு மாறும். அந்திமனி மிகுந்த கலவை குளிரும்போது குறைவாகச் சுருங்குவதால் குண்டு சற்றுப் பெரிதாக அமையும். தூய காரீயம் கூடுதலாகச் சுருங்கும். மக்காரொவ் போன்று துல்லியமான பொருத்தத்தை வேண்டும் குழலுக்கு இவ்வேறுபாடும் கணக்கில் கொள்ளத்தக்கது.

உருகிய காரீயத்தில் ஒரு துளி நீர் விழுந்து மேற்பரப்பின் அடியில் சிக்கினால் அது நொடியில் ஆவியாகி உலையிலுள்ள உலோகத்தைச் சுற்றிலும் வாரியிறைக்கும். ஈரமான கரண்டி, மழையில் நனைந்த சக்கர எடை, நெற்றியிலிருந்து சிந்தும் வியர்வை ஆகியன இதற்குப் போதுமானவை. குண்டைச் சூடாக நீரில் இட்டுக் கடினமாக்கும் முறை ஒன்றும் உண்டு. அதனைப் பின்பற்றுவோர் நீர்த்தொட்டியை உலையிலிருந்து விலக்கி, தாழ்வான இடத்தில் வைக்கின்றனர்.

பொருத்தமும் கடினத்தன்மையும்

குண்டு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்பது தொடக்கநிலையினரிடம் பரவலாகக் காணப்படும் எண்ணம். குழலில் காரீயம் படிவதைக் கண்டதும் அவர்கள் மேலும் கடினமான கலவையை நாடுவர். ஆனால் மக்காரொவின் அழுத்தத்திலும் வேகத்திலும் காரீயப் படிவுக்கு முதன்மைக் காரணம் மென்மை அன்று, பொருத்தமின்மையே ஆகும்.

குண்டு பள்ளங்களின் விட்டத்தை விடச் சிறியதாக இருந்தால் சூடான வளிமம் அதன் பக்கவாட்டில் கசியும். அவ்வளிமம் ஊதுகுழல் போல் செயல்பட்டுக் குண்டின் பக்கங்களை அரித்து, அக்காரீயத்தைக் குழலின் சுவரில் பூசும். மென்மையான குண்டாயின் அழுத்தத்தால் அதன் அடி சற்று விரிந்து இடைவெளியை அடைக்க வாய்ப்புண்டு. கடினமான குண்டு அவ்வாறு விரியாது. ஆகவே சிறிய விட்டமுள்ள கடினமான குண்டே மிகுதியாகப் படியும். 9×19 மிமீ தோட்டாவுக்கான குண்டை மக்காரொவில் பயன்படுத்தினால், அது சுருள் பள்ளங்களைச் சரிவரப் பற்றாமல் நிலையற்றுப் பறக்கும். இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதிலாகக் குண்டு பக்கவாட்டில் சென்றதைக் காட்டும் நீள் துளைகளும் காணப்படலாம்.

உபரித் துப்பாக்கிகள் பல நாடுகளில், பல பத்தாண்டுகளில் உற்பத்தியானவை. தேய்மானமும் வெவ்வேறாக இருக்கும். எனவே குறிப்பிட்ட துப்பாக்கியின் குழலையே அளப்பது வழக்கம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, பிரித்தபின், எண்ணெய் பூசிய மென்காரீயக் கட்டி ஒன்று குழலின் வழியே மெல்லத் தட்டிச் செலுத்தப்படும். வெளிவரும் கட்டியில் குழலின் மேடுகளும் பள்ளங்களும் எதிர்வடிவாகப் பதிந்திருக்கும். மக்காரொவின் குழலில் நான்கு பள்ளங்கள் இருப்பதால் அவை ஒன்றுக்கொன்று நேரெதிராக அமைகின்றன. ஆகவே சாதாரண மைக்ரோமீட்டர் கொண்டே பெரிய விட்டத்தை நேரடியாக அளக்க முடியும். ஐந்து பள்ளங்கள் உள்ள குழல்களில் இது இயலாது.

வார்த்த குண்டின் விட்டம், அளந்த பள்ள விட்டத்தை விட 0.025 முதல் 0.05 மிமீ வரை பெரிதாக இருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. பெரிதாக வார்க்கப்பட்ட குண்டுகள் எஃகு வளையம் ஒன்றினூடே அழுத்தப்பட்டு ஒரே விட்டத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன. இதற்கு மேல் பெரிதாக்குவதற்கும் எல்லை உண்டு. குண்டு பெரிதானால் அதைப் பற்றியிருக்கும் கூட்டின் வாயும் விரிந்து தோட்டா அறைக்குள் நுழையாது போகும்.

குண்டின் பக்கங்களிலுள்ள வரிப்பள்ளங்களில் மசகு நிரப்பப்படுகிறது. தேன்மெழுகையும் அலாக்ஸ் என்னும் பெட்ரோலிய வழிப்பொருளையும் சம அளவில் கலந்து செய்வது நெடுநாள் வழக்கில் உள்ள மசகு. அண்மைக் காலத்தில் வண்ணப் பொடியைப் பூசிச் சூட்டடுப்பில் வாட்டும் முறை பரவியுள்ளது. உலர்ந்த பூச்சு குண்டைச் சுற்றி மெல்லிய உறையாக அமைவதால் புகையும் படிவும் குறைகின்றன. பூச்சின் தடிப்பு விட்டத்தையும் கூட்டுவதால், குண்டைப் பூச்சுக்குப் பின்னரே அளவுப்படுத்த வேண்டும்.

தோட்டாவாக்கம்

தூய்மை செய்யப்பட்ட கூடு அளவுக்குச் சுருக்கப்பட்டு, எரியூட்டி பொருத்தப்பட்டு, உந்துமருந்து இடப்பட்டு, இறுதியில் குண்டு அமர்த்தப்படுகிறது. காரீயக் குண்டு மென்மையானது என்பதால், அமர்த்தும்போது கூட்டின் விளிம்பு அதைச் சீவிவிடாதவாறு வாய் முதலில் மணி போல் விரிக்கப்படும். பின்னர் அவ்விரிவு மெல்ல நேராக்கப்படும். வாயை உட்புறமாக மடித்துவிட்டால், தோட்டாவை அறையில் நிறுத்தும் விளிம்பு இல்லாமற் போகும்.

உந்துமருந்தின் வகையும் அளவும் லைமன் போன்ற நிறுவனங்களும் மருந்து உற்பத்தியாளர்களும் அழுத்தமானிகளில் சோதித்து வெளியிடும் கையேடுகளிலிருந்தே பெறப்படுகின்றன. ஒரு குண்டுக்குச் சோதிக்கப்பட்ட அளவு வேறு வடிவமுள்ள குண்டுக்குப் பொருந்துவதில்லை. மக்காரொவ் கூடு மிகச் சிறியது. குண்டு அரை மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே சென்றாலும் மருந்துக்கான இடம் கணிசமாகக் குறைந்து அழுத்தம் உயரும். நீளமான மூக்குடைய குண்டும் குட்டையான குண்டும் ஒரே எடையுடன் இருப்பினும் வெவ்வேறு ஆழத்தில் அமர்வதை இங்கு கருத்தில் கொள்ள வேண்டும்.

இத்துறையில் நேரும் கடுமையான விபத்துகளுக்கு இரு பிழைகள் அடிப்படையாக உள்ளன.

* இரட்டை மருந்து: ஒரே கூட்டில் கவனக்குறைவால் மருந்து இருமுறை இடப்படுதல். விரைந்து எரியும் மருந்து சிறிதளவே தேவைப்படும்போது, இரு மடங்கும் கூட்டுக்குள் அடங்கிவிடக் கூடும். பூட்டு இல்லாத துப்பாக்கியில் இதன் விளைவு கூடு வெடித்தல் ஆகும்.
* மருந்தின்மை: மருந்து இடப்படாத தோட்டாவில் எரியூட்டி மட்டும் வெடித்துக் குண்டைக் குழலின் நடுவில் கொண்டு நிறுத்தும். ஒலி மெலிதாகவே கேட்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது உடையும்.

இவற்றைத் தவிர்க்க, குண்டை அமர்த்தும் முன் எல்லாக் கூடுகளையும் தாங்கியில் வரிசையாக நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றின் உட்புறத்தையும் பார்ப்பது கையேடுகள் அனைத்தும் வலியுறுத்தும் பழக்கமாகும். மேசையில் ஒரே நேரத்தில் ஒரு வகை மருந்து மட்டுமே இருக்க வேண்டும் என்பதும் அவ்வாறான மற்றொரு விதி.

இதே தோட்டாவைச் சுடும் பிற துப்பாக்கிகள்

போலந்தின் பி-64, அங்கேரியின் பிஏ-63, செக்கோசுலோவாக்கியாவின் வகை 82 ஆகிய உபரிக் கைத்துப்பாக்கிகளும் 9×18 மிமீ தோட்டாவையே பயன்படுத்துகின்றன. எனினும் ஒன்றில் நன்கு சுடும் குண்டு மற்றொன்றில் அவ்வாறே சுடும் என்று கொள்ளலாகாது. குறிப்பாக, செக்கோசுலோவாக்கியத் துப்பாக்கியின் குழலில் கூர்மையான மேடு பள்ளங்களுக்குப் பதிலாகப் பலகோண வடிவம் அமைந்துள்ளது. ஆகவே காரீயக் குண்டுகளைப் பயன்படுத்துவோர் அதன் குழலைத் தனியே அளந்து, படிவு சேர்கிறதா என்று அடிக்கடி பார்ப்பர்.

காரீய நச்சு

காரீயம் நரம்பு மண்டலம், சிறுநீரகம், இரத்தம் ஆகியவற்றைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது குறிப்பாகப் பாதிக்கிறது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள், குழந்தைகளின் இரத்தத்தில் கூடுதல் காரீயத்தைக் கண்டறிவதற்கான ஒப்பீட்டு அளவை 2021 ஆம் ஆண்டு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தன.

உலையிலிருந்து எழும் காரீய ஆவியே முதன்மையான இடர் எனப் பலர் கருதுகின்றனர். வார்ப்புக்கு வழக்கமான 350 முதல் 400 செல்சியசு வெப்பநிலையில் காரீயம் மிகக் குறைவாகவே ஆவியாகிறது. கசடை அகற்றும்போது பறக்கும் ஆக்சைடுத் தூளும், கையிலிருந்து வாய்க்குச் செல்லும் துகள்களுமே பெரும்பாலும் உடலில் சேர்கின்றன. மற்றொரு மூலம் எரியூட்டி ஆகும். பெரும்பாலான எரியூட்டிகளில் காரீய இச்டைஃப்னேட்டு என்னும் சேர்மம் உள்ளது. சுடப்பட்ட கூடுகளைத் தூய்மை செய்யும் சுழற்கலத்தின் தூளில் இச்சேர்மத்தின் எச்சம் சேர்கிறது. குண்டை ஒருநாளும் வார்க்காதவர்களும் கூடுகளைத் தூய்மை செய்வதால் பாதிக்கப்படலாம்.

எனவே வார்ப்பு திறந்த வெளியிலோ நல்ல காற்றோட்டம் உள்ள இடத்திலோ செய்யப்பட வேண்டும். அதற்கெனத் தனி உடையும் காலணியும் தேவை. சமையலறை அடுப்பும் சமையல் பாத்திரங்களும் பயன்படுத்தப்படலாகா. உலைக்கு அருகில் உண்பது, நீர் அருந்துவது, புகைப்பது ஆகியன கூடா. கண்ணாடி, கையுறை, முழுக்கை உடை ஆகியன தீக்காயத்தைத் தடுக்கும். சோப்பிட்டுக் கைகழுவுதல் நச்சைத் தடுக்கும். தொடர்ந்து வார்ப்போர் ஆண்டுதோறும் இரத்தக் காரீய அளவைச் சோதித்துக் கொள்கின்றனர். உடையில் ஒட்டிய தூள் வீட்டுக்குள் சென்றால், உலையருகே வராத குழந்தையே முதலில் பாதிக்கப்படும்.

சட்டநிலை

ஐக்கிய அமெரிக்காவில் தம் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா மீள்நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரிப்போர் 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டும். ஜெர்மனியில் மீள்நிரப்புவோர் பயிற்சி பெற்று, வெடிபொருள் சட்டத்தின் 27 ஆம் பிரிவின் கீழ் அனுமதி பெற்ற பின்னரே உந்துமருந்து வாங்கலாம். இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடைசெய்கிறது. தோட்டாவின் பகுதிகளும் அதனைத் தயாரிக்கும் பொறிகளும் தோட்டா என்னும் வரையறைக்குள்ளேயே அடங்குகின்றன.

இவற்றையும் பார்க்க

* மக்காரொவ் கைத்துப்பாக்கி
* 9×19 மிமீ பாராபெல்லம்
* காரீயம்
* காரீய நச்சேற்றம்
* லைனோடைப்